ஒரு லிட்டருக்கு 14 கிலோமீட்டர்: எந்த ரோட்டில்?

இயற்பியல் பாடம் முடிந்து எல்லாரும் வெளியேறிய பிறகு, படிவம் 4 மாணவன் ஒருவன் மட்டும் என் மேசையருகே நின்றான்.

"டீச்சர், ஒரு காரு லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் ஓடும்னு ஒருத்தர் சொன்னா, அது உண்மையா பொய்யான்னு கண்டுபிடிக்க முடியுமா?"

காரணத்தைக் கேட்டேன். அவன் அண்ணனுக்கு பிரிக்பீல்ட்ஸில் வேலை. வீடு கிள்ளானில். பழைய ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். விற்பவர், "லிட்டருக்குப் பதினாலு, கேரண்டி" என்று சொல்லியிருக்கிறார். தவணைப் பணம் கட்டிய பிறகு எண்ணெய்க்கு எவ்வளவு போகும் என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம். கூடுதலாகப் போனால், அண்ணன் மாதாமாதம் வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில்தான் கை வைக்க வேண்டி வரும். "அம்மா பயப்படுறாங்க, டீச்சர்."

நல்ல கேள்வி. இதற்கு மெக்கானிக் தேவையில்லை. படிவம் 4 இயற்பியல் போதும். அவனும் நானும் வெள்ளைப் பலகையில் போட்ட கணக்கைத்தான் இந்த வாரம் உங்களுக்குத் தருகிறேன். ஒரு தாளும் கணிப்பானும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

எட்டாயிரம் சுற்று எதற்கு?

முதலில் காரைத் தெரிந்துகொள்வோம். எஃப்டி2 என்ற குறிப்பெயர் கொண்ட இந்த நான்கு கதவு சிவிக் டைப் ஆர் 2007-இல் ஜப்பானில் அறிமுகமானது; மலேசியாவிலும் அதிகாரப்பூர்வமாக விற்கப்பட்டது. அதில் இருப்பது கே20ஏ இன்ஜின். கொள்ளளவு 1,998 கன சென்டிமீட்டர். டர்போ கிடையாது. ஆனாலும் நிமிடத்துக்கு 8,000 சுற்றில் 225 குதிரைத்திறனைத் தருகிறது. அதாவது சுமார் 165 கிலோவாட்.

டர்போ இல்லாத 2 லிட்டர் இன்ஜினில் இவ்வளவு எப்படி? அதன் உச்ச முறுக்குவிசை 215 நியூட்டன் மீட்டர்தான். குடும்பக் கார்களில் இருக்கும் 2 லிட்டர் இன்ஜின்களும் இதைவிட வெகு தூரத்தில் இல்லை. ரகசியம் சுற்றில் இருக்கிறது. திறன் என்பது முறுக்குவிசையைக் கோண வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது. நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால் வினாடிக்கு 133 சுற்று, அதாவது 838 ரேடியன். அந்த நிலையில் முறுக்குவிசை சுமார் 197 நியூட்டன் மீட்டர். 838-ஐ 197-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 165,000 வாட். கையை அதிக பலத்தோடு திருப்பவில்லை; அதே பலத்தோடு அதிக முறை திருப்புகிறது, அவ்வளவுதான்.

அதற்கு இன்ஜின் கொடுக்கும் விலையையும் பாருங்கள். இந்த இன்ஜினில் பிஸ்டன் மேலிருந்து கீழே செல்லும் தூரம் 86 மில்லிமீட்டர். உங்கள் உள்ளங்கையின் அகலம் இருக்கலாம். ஒரு சுற்றுக்கு ஒரு முறை கீழே, ஒரு முறை மேலே. வினாடிக்கு 133 சுற்று என்றால், அந்தச் சிறிய இடத்துக்குள் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 23 மீட்டர். மணிக்கு 82 கிலோமீட்டர்! கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு கார் போகும் வேகத்தில் ஓடி, நின்று, திரும்பி, மறுபடி ஓடி, மறுபடி நின்று... இதை ஒரு வினாடிக்குள் 266 தடவை செய்கிறது. திருப்பத்தில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 3,000 மடங்குக்கும் மேல். இப்படி இயங்குவதற்கு ஏற்ற வால்வு, ஸ்பிரிங், பேரிங், கியர் எல்லாவற்றையும் வடிவமைத்திருக்கிறார்கள். அந்த வடிவமைப்பு, கார் மெதுவாகப் போகும்போதும் கூடவே வருகிறது. அங்கேதான் நம் எண்ணெய்க் கணக்கு தொடங்குகிறது.

165-இல் 10 மட்டும்

ஒரு கார் சமதளத்தில் மணிக்கு 90 கி.மீ. சீரான வேகத்தில் போகிறது. வேகம் மாறவில்லை, ஆகவே நிகர விசை பூஜ்யம். இன்ஜின் தள்ளும் விசை முழுவதும் இரண்டு எதிரிகளோடு மல்லுக்கட்டுகிறது.

ஒன்று, டயர் உருளும்போது ஏற்படும் எதிர்ப்பு. காரும் ஓட்டுநரும் சேர்ந்து ஏறக்குறைய 1,350 கிலோகிராம். அந்த எடையில் நூற்றுக்கு 1.2 பங்கு என்று எடுத்துக்கொண்டால் 159 நியூட்டன். இது வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது.

இன்னொன்று காற்று. இது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். இந்த அளவுள்ள காருக்கு நான் எடுத்துக்கொள்ளும் மதிப்பீடு: வேகத்தை மீட்டர்/வினாடியில் எழுதி, வர்க்கப்படுத்தி, 0.42-ஆல் பெருக்குங்கள். மணிக்கு 90 கி.மீ. என்பது வினாடிக்கு 25 மீட்டர். 625-ஐ 0.42-ஆல் பெருக்கினால் சுமார் 262 நியூட்டன்.

இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 420 நியூட்டன். திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்குவது. 420 × 25 = 10,500 வாட். பத்தரைக் கிலோவாட்.

மாணவன் இந்த இடத்தில் நிறுத்தினான். "அவ்வளவுதானா, டீச்சர்? நூற்று அறுபத்தஞ்சு கிலோவாட் இன்ஜினுக்குப் பத்துதான் வேலையா?"

ஆமாம். வாங்கும்போது 225 குதிரைக்குப் பணம் கொடுக்கிறோம். நெடுஞ்சாலையில் வேலை செய்வது 14 குதிரை. மீதி 211 குதிரைகளும் தீனி தின்றுகொண்டு கூடவே நடக்கின்றன. அவை எவ்வளவு தின்கின்றன என்பதுதான் அடுத்த கேள்வி.

செக்கு மாட்டின் கணக்கு

செக்கில் எள் நிறைய இருந்தாலும் கொஞ்சமாக இருந்தாலும் மாடு சுற்றத்தான் வேண்டும். உலக்கையும் உரலும் உரசத்தான் செய்யும். எள்ளே போடாமல் சுற்றினாலும் மாடு களைக்கும். இன்ஜினும் அப்படித்தான். சக்கரத்துக்கு ஒரு ஜூல்கூடக் கொடுக்காவிட்டாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் அது தன்னைத்தானே திருப்பிக்கொள்ள ஒரு தொகை செலவழிக்கிறது. இதை நான் வகுப்பில் 'சுற்று வரி' என்று சொன்னேன். பாடநூலில் இந்தச் சொல் இருக்காது, தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

சுற்று வரியில் இரண்டு பகுதி. முதலாவது உராய்வு: பிஸ்டன் வளையங்கள், பேரிங்குகள், வால்வுகளைத் திறக்கும் தண்டு, எண்ணெய் பம்ப். இரண்டாவது, காற்றை உறிஞ்சும் வேலை. இதை நீங்களே உணரலாம். ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுங்கள். வாயைத் திறந்து வைத்து இழுங்கள்; சுலபமாக வரும். விரலால் பாதிக்கு மேல் மூடிக்கொண்டு அதே வேகத்தில் இழுங்கள். கை வலிக்கும். எக்சிலேட்டரை லேசாக மிதிக்கும்போது பெட்ரோல் இன்ஜினின் காற்று வழி கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. நான்கு பிஸ்டன்களும் மூடிய சிரிஞ்சைத்தான் இழுத்துக்கொண்டிருக்கின்றன.

2 லிட்டர் இன்ஜினுக்கு இந்த வரியைச் சுற்றுக்கு 180 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். இது மதிப்பீடுதான், உண்மையில் சுற்று ஏற ஏற உராய்வும் கொஞ்சம் ஏறும். ஆனால் நம் கணக்குக்கு இது போதும். இன்னும் இரண்டு எண்கள் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. அது எரியும்போது பிஸ்டனைத் தள்ளும் வேலையாக மாறுவது நூற்றுக்கு 36 பங்கு என்று கொள்வோம். மீதி ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெப்பமாக வெளியேறுகிறது.

இப்போது மணிக்கு 90 கி.மீ., ஆறாவது கியர். டயரின் சுற்றளவு 2 மீட்டர். வினாடிக்கு 25 மீட்டர் போக சக்கரம் 12.5 முறை சுழல வேண்டும். ஆறாவது கியரில் சக்கரம் ஒரு முறை சுழல இன்ஜின் 3.74 முறை சுழல்கிறது. ஆக இன்ஜின் வினாடிக்கு 46.7 சுற்று; சுற்றுமானியில் 2,800 காட்டும்.

சுற்று வரி: 46.7 × 180 = 8,400 வாட்.
சக்கரத்துக்கு: 10,500 வாட்.
ஏர்கோனுக்கு: 1,500 வாட். நம் நாட்டில் இதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுபவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மொத்தம் 20,400 வாட். இதை 0.36-ஆல் வகுத்தால், பெட்ரோலிலிருந்து வினாடிக்கு 56,700 ஜூல் தேவை. ஒரு கிலோமீட்டர் போக 40 வினாடி. ஆக ஒரு கிலோமீட்டருக்கு 2.27 மெகாஜூல். 32-ஐ 2.27-ஆல் வகுங்கள்.

14.1.

விற்பவர் பொய் சொல்லவில்லை! மாணவனின் முகம் மலர்ந்தது. கொஞ்சம் பொறு என்றேன்.

அதே வேகம், வேறு கியர்

அதே சாலை, அதே 90, ஆனால் மூன்றாவது கியர். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர் அந்தச் சத்தத்துக்காகத்தானே வாங்குகிறார். சுற்று இப்போது 5,760. காற்றுக்கும் டயருக்கும் கியர் மாறியது தெரியாது. அவை கேட்பது அதே 10,500 வாட். சுற்று வரி மட்டும் 17,300 வாட்டுக்கு ஏறுகிறது. ஏர்கோனோடு கூட்டி அதே வழியில் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 10-க்கும் கீழே வந்து நிற்கும். வண்டி ஒரு நொடிகூட முன்னதாகப் போய்ச் சேரவில்லை.

ஆறாவது கியரிலேயே வேகத்தை மணிக்கு 110-க்கு உயர்த்தினால்? வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் உச்ச வேக வரம்பு அது. காற்றின் எதிர்ப்பு 392 நியூட்டனாகிறது. விடை லிட்டருக்கு 12.3 கி.மீ. அதாவது 14 என்ற எண் உண்மையாவது, 90-ஐ ஒட்டிய சீரான வேகம், உச்ச கியர், தடையில்லாத சாலை என்ற மூன்றும் சேரும்போது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் இப்படி ஒரு சாலை கிடைக்கலாம். அண்ணன் போகப்போவது திங்கட்கிழமை காலையில்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ்

கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை நேரத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. உங்களில் பலர் பின்சீட்டில் அமர்ந்து அனுபவித்ததுதான். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குச் சுமார் 35 கி.மீ. நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைப்போம். அதில் அரை மணி நேரம் வண்டி அசையாமல் நிற்கிறது. மீதி ஒரு மணி நேரம் சராசரியாக மணிக்கு 35 கி.மீ. நகர்கிறது, முதல் மூன்று கியர்களுக்குள். சுற்று சராசரி 2,500. நின்று கிளம்புவது, அல்லது வெகுவாக மெதுவாகி மறுபடி 40-க்கு ஏறுவது, மொத்தம் 60 தடவை.

நிற்கும் அரை மணி நேரம். இன்ஜின் சும்மா சுற்றுவது நிமிடத்துக்கு 750. சுற்று வரியும் ஏர்கோனும் சேர்ந்து 3,750 வாட். 0.36-ஆல் வகுத்து, 1,800 வினாடியால் பெருக்கினால் 19 மெகாஜூல். ஏறக்குறைய 0.6 லிட்டர்.

நகரும் ஒரு மணி நேரம். சுற்று வரி 7,500 வாட். ஏர்கோன் 1,500. டயரும் காற்றும் சேர்ந்து கேட்பது 1,930 வாட் மட்டும். மொத்தத்துக்கு 3.4 லிட்டர்.

கிளம்புவது 60 தடவை. இயக்கச் சக்திச் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இந்தக் காரின் இயக்கச் சக்தி 83,000 ஜூல். ஒவ்வொரு பிரேக்கும் அதை வெப்பமாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. 60 தடவைக்கு 0.4 லிட்டர்.

கூட்டினால் சுமார் 4.4 லிட்டர். 35 கிலோமீட்டருக்கு. லிட்டருக்கு 8 கி.மீ.

நான் எதிர்பார்க்காத விடை ஒன்று இதில் இருந்தது. பிரேக் பிடித்துப் பிடித்துத்தான் எண்ணெய் போகிறது என்று நானும் நினைத்திருந்தேன். கணக்கு வேறு சொல்கிறது. பிரேக்கில் போனது 0.4 லிட்டர். நகரும்போது கட்டிய சுற்று வரி மட்டும் 2.3 லிட்டர், மொத்தத்தில் பாதிக்கும் மேல். காரை முன்னால் தள்ளப் பயன்பட்ட 1,930 வாட்டையும் அதற்காக எரித்த பெட்ரோலையும் ஒப்பிட்டால், பயன் நூற்றுக்கு 6 பங்குகூட எட்டவில்லை எனலாம். எள் கொஞ்சம், மாடு நிறையச் சுற்றியது.

வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் காரை நிறுத்துவது வேறு கதை, ஏனெனில் அங்கே வேகத்தின் வர்க்கம் வந்துவிடுகிறது. மணிக்கு 90-இல் அதே காரின் இயக்கச் சக்தி 422,000 ஜூல். 40-இல் இருந்ததைவிட ஐந்து மடங்கு. இந்தச் சாலையில் பத்து தீகாவிலும் சுங்கை ராசாவிலும் முன்பு டோல் சாவடிகள் இருந்தது உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். 2018 ஜனவரி 1 முதல் அங்கே கட்டணம் நீக்கப்பட்டது. டோல் காசைத்தான் மிச்சமென்று பேசினோம். 90-இல் வந்த ஒவ்வொரு காரும் நின்று மறுபடி 90-ஐப் பிடிக்க எரித்த எண்ணெய், நம் கணக்குப்படி தடவைக்கு 37 மில்லிலிட்டர், யாருடைய ரசீதிலும் ஏறவில்லை.

சரி, மைவி ஓட்டினால் குறையுமா? 1.5 லிட்டர் இன்ஜினுக்குச் சுற்று வரி சுமார் முக்கால் பங்கு, எடையும் குறைவு. நெரிசலில் அதுதான் பேசும். மோட்டார் சைக்கிள்காரர்களும் கேட்பீர்கள்: "வை15 இன்ஜினும் எட்டாயிரம் சுற்றுதே, டீச்சர்?" சுற்றுகிறது. ஆனால் 150 சிசி. அதே விகிதத்தில் அதன் வரி சுற்றுக்கு 13 ஜூல்தான்.

செப்பாங்கில் ஒரு விந்தை

எக்சிலேட்டரை முழுதாக மிதித்து 8,000 சுற்றில் வைத்தால் இந்த இன்ஜின் மணிக்கு 60 லிட்டருக்கும் மேல் குடிக்கும். தொட்டியின் கொள்ளளவு 50 லிட்டர். செப்பாங் பந்தயத் தடத்தில்கூட எப்போதும் முழு மிதியில் ஓட்ட முடியாது, அதன் 5.543 கி.மீ. சுற்றில் 15 வளைவுகள் இருக்கின்றன. ஆனாலும் விந்தை இதுதான்: அந்த முழு மிதியில் பெட்ரோலின் சக்தியில் நூற்றுக்கு 29 பங்கு வரை பயனுள்ள வேலையாகிறது. அமைதியாக 90-இல் போகும்போது அது 20-ஐ ஒட்டித்தான் இருந்தது. நெரிசலில் 6.

அதிகம் குடிப்பதும் வீணாக்குவதும் ஒன்றல்ல. மாணவர்கள் தேர்வில் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இது. பயனுறு விகிதம் என்பது போட்டதில் எத்தனை பங்கு வேலையாயிற்று என்பது. நுகர்வு என்பது மொத்தம் எவ்வளவு போட்டோம் என்பது. முழு மிதியில் காற்று வழி திறந்திருக்கிறது, செக்கு நிறைய எள் இருக்கிறது. ஆகவே விகிதம் நல்லது. ஆனால் 165 கிலோவாட் வேலையை யார் கேட்டார்கள்?

ஹோண்டா பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1989-இல் இன்டெக்ரா காரில் வந்த 1.6 லிட்டர் பி16ஏ இன்ஜினிலிருந்தே வீடெக் என்ற ஏற்பாட்டை வைத்தார்கள். வால்வைத் திறக்க இரண்டு வகைக் குமிழ்கள். குறைந்த சுற்றில் சிறிய குமிழ் வால்வைக் கொஞ்சமாகத் திறக்கும். நம் காரில் 6,000 சுற்றை நெருங்கும்போது எண்ணெய் அழுத்தத்தால் ஒரு முள் நகர்ந்து, பெரிய குமிழ் பொறுப்பேற்கும். இது இல்லையென்றால் 8,000 சுற்றுக்காகச் செய்த இன்ஜின் நெரிசலில் இதைவிட மோசமாகத் திணறும். ஆனால் வீடெக்கால் சுற்று வரியைத் தள்ளுபடி செய்ய முடியாது. காலை நெரிசலில் அண்ணன் அந்தப் பெரிய குமிழைச் சந்திக்கப் போவதே இல்லை.

ரோன்97 பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதில் 'பவர்' அதிகம் என்பார்கள். இல்லை. ஒரு லிட்டரில் உள்ள சக்தி ஏறக்குறைய ஒன்றுதான். அந்த எண் காட்டுவது, அழுத்தும்போது தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் தன்மை. இந்த இன்ஜின் காற்றையும் பெட்ரோலையும் 11.7-இல் ஒரு பங்காக அழுத்துகிறது. ஆகவே அதற்கு உயர் ஆக்டேன் தேவை. தேவைப்படாத காரில் ஊற்றினால் ரிங்கிட்தான் எரியும்.

ரசீதும் ஓட்டமும்

இனி அளக்கும் வேலை. நம் கணக்கு மதிப்பீடுகளின் மேல் நிற்கிறது. சாலையில் சரிபார்த்தால்தான் அது அறிவியல். எண்ணெய் நிலையத்தில் குழாய் தானாக 'டக்' என்று நிற்கும்வரை நிரப்புங்கள். பயண மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். பல நாள் ஓட்டுங்கள். அதே நிலையத்தில், முடிந்தால் அதே குழாயில், மறுபடி 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை ரசீதில் உள்ள லிட்டரால் வகுங்கள். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் முன்பின் ஆகலாம். 10 லிட்டருக்கு அது நூற்றுக்கு 5 பிழை. 40 லிட்டருக்கு 1.25. ஆகவே கொஞ்சம் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி அளக்காதீர்கள். டயர் அளவை மாற்றிய கார் என்றால் மீட்டர் காட்டும் தூரமே தவறாக இருக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சராசரி எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. போகும்போது 35 கி.மீ. நெரிசல், லிட்டருக்கு 8. இரவில் தாமதமாகத் திரும்பும்போது சாலை காலி, லிட்டருக்கு 14. சராசரி 11 என்பீர்கள். தவறு. போகும்போது 4.375 லிட்டர், வரும்போது 2.5 லிட்டர், மொத்தம் 6.875. 70-ஐ அதனால் வகுத்தால் 10.2 தான். மோசமான பயணம் எப்போதும் சராசரியில் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பல நாடுகளில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவதற்கு இது ஒரு நல்ல காரணம். அந்த அலகில் கூட்டி இரண்டால் வகுக்கலாம்.

சிலர் சரிவில் 'ஃப்ரீ கியரில்' விட்டால் மிச்சம் என்பார்கள். கியரில் இருக்கும்போது எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடுகின்றன. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. ஃப்ரீ கியரில் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டிருக்கும், இன்ஜின் கொடுக்கும் பிரேக்கும் போய்விடும். மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. இந்தக் காரணத்தால், நான் போட்ட நெரிசல் கணக்கில் உண்மைச் செலவு சற்றே குறையலாம்.

கடைசியாகப் பணம். மாதம் 22 வேலை நாள், நாளுக்கு 70 கி.மீ., மொத்தம் 1,540. லிட்டருக்கு 14 என்றால் 110 லிட்டர். 8 என்றால் 192.5 லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல் தகுதியுள்ள மலேசியர்களுக்கு ரோன்95 லிட்டர் 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் வரை என்று அப்போது நிர்ணயிக்கப்பட்டது. ரோன்97-க்கு அந்தச் சலுகை இல்லை. அதன் விலை சந்தையோடு மாறும். 3.20 என்று வைத்துக் கணக்குப் போட்டோம். 352 ரிங்கிட்டுக்கும் 616 ரிங்கிட்டுக்கும் இடையே 264 ரிங்கிட் வித்தியாசம். மாணவன் அந்த எண்ணை மட்டும் தன் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டான்.

அடுத்த வாரம் கேட்டேன். அண்ணன் இன்னும் முடிவெடுக்கவில்லையாம். வேலைக்குக் கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வரை போய்விட்டு, காரைச் சனி ஞாயிறுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை. அம்மா அதற்கும் சம்மதிக்கவில்லை. ஆனால் விற்பவரிடம் மறுபடி போனபோது அண்ணன் ஒன்று கேட்டிருக்கிறார்: "பதினாலு, சரி. எந்த ரோட்டுல, எத்தனை மணிக்கு?" விற்பவர் சிரித்துவிட்டு, தான் ஈப்போவுக்குப் போய்வரத்தான் எடுப்பதாகச் சொன்னாராம்.

செய்து பாருங்கள்: இதே கார், ஆறாவது கியர், மணிக்கு 70 கி.மீ., ஏர்கோன் இல்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? டயர் எதிர்ப்பு 159 நியூட்டன். காற்றின் எதிர்ப்பை நீங்களே கண்டுபிடியுங்கள். சரியாகப் போட்டால் 17-க்கும் 18-க்கும் இடையில் ஒரு விடை வரும். வந்ததும் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை.